மோட்டார் மேஸ்திரி விட்டுப்போன நோட்டுகள்

(மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். "மூன்று ஃபேஸ் மோட்டாரும் அதன் பழுதுகளும்" என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம் எழுதிவிட்டேன். எழுதியதைத் திருப்பிப் படித்தால், அதில் பாதிக்கு மேல் புத்தகத்தில் இருந்து வந்தது இல்லை. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு சிறிய ரீவைண்டிங் கடையில், ஒரு மனிதர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவர் சென்ற ஆண்டு ஐப்பசியில் காலமாகிவிட்டார். ஆகவே அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் வாழ்க்கையையே பாடமாக எழுதுகிறேன். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர் வீட்டு அக்கா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் "மோட்டார் மேஸ்திரி". எங்களுக்கும் அப்படியே.

கடையும் காலமும்

கோவை மாவட்டத்துக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அதன் பிறகு கவலை ஏற்றி நீர் இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் இறங்கியது. மோட்டார் இருக்கும் இடத்தில் எரிந்துபோன மோட்டாரும் இருக்கும் அல்லவா? அதனால்தான் கொங்கு நாட்டில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ரீவைண்டிங் கடை இருக்கிறது.

மேஸ்திரி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பேரிங் கழற்றப் பழகி, பிறகு காயில் சுற்றப் பழகி, 27 வயதில் சொந்தக் கடை போட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு சுற்று மெஷின், வார்னிஷ் காய வைக்கப் பழைய பீரோவுக்குள் பல்பு மாட்டிச் செய்த ஒரு அடுப்பு, ஒரு மெக்கர், ஒரு டாங் டெஸ்டர், ஒரு டெஸ்ட் லேம்ப். சொத்து அவ்வளவுதான். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு அங்கே கோடை விடுமுறைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளும் லீவு நாட்களும் அங்கேதான்.

முதல் பாடம்: எழுதிவிட்டுக் கை வை

ஒரு மோட்டார் வந்தவுடன் மேஸ்திரி ஸ்பேனரை எடுக்க மாட்டார். நோட்டை எடுப்பார். பெயர்ப்பலகையில் உள்ள எச்.பி., வோல்ட், ஆம்பியர், வேகம் முதலில். பிறகு ஸ்லாட் எத்தனை, காயிலின் ஒரு பக்கம் எந்த ஸ்லாட்டில் இறங்கி இன்னொரு பக்கம் எதில் ஏறுகிறது, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், ஸ்டாரா டெல்டாவா. கடைசியாக ஒரு வரி: "எப்படி எரிந்தது?"

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பெரிய பாடம். எரிந்த காயிலைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவார். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால், ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கருகும், மூன்றாவது புதுசு போல இருக்கும். டெல்டாவில் ஒரு ஃபேஸ் மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பும். மூன்றும் சமமாகக் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது, அல்லது தாங்க முடியாத லோடு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொத்தல் விழுந்திருந்தால் பேப்பர் கிழிந்து பாடியைத் தொட்டிருக்கிறது.

"காரணத்தைச் சொல்லாம மோட்டாரைத் திருப்பிக் குடுத்தா, அதே கிணத்துல அதே மோட்டார் மறுபடியும் எரியும் கண்ணு. நமக்கு ரெண்டாவது பில்லு. அவங்களுக்கு ரெண்டாவது கடன்" என்பார். ரெண்டு ஃபேஸ் கரண்டில் கண்டென்சர் போட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படி ஓட்டி எரித்தவரிடம் கோபப்பட மாட்டார். ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் போட்டுத்தான் மோட்டாரைத் திருப்பிக் கொடுப்பார்.

இப்படி எழுதிய நோட்டுகள் அவரிடம் 11 இருந்தன. பெயர்ப்பலகை விழுந்துபோன மோட்டார் வந்தால், பழைய நோட்டில் அதே பாடியைத் தேடி எடுத்துவிடுவார். பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் போனில் கேட்டாலும் மறைக்காமல் படித்துச் சொல்வார். "அவருக்குச் சொன்னா நம்ம வேலை போயிருமுங்களே" என்று ஒரு நாள் கேட்டேன். "அந்த ஆளு தப்பாச் சுத்துனா எரியறது அவரு மோட்டார் இல்லே, ஒரு குடியானவன் மோட்டார்" என்று மட்டும் சொன்னார்.

என் தப்பு

இனி எழுதுவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனாலும் பாடம் என்று வரும்போது மறைக்கக் கூடாது.

இரண்டாவது கோடை. ஒரு 5 எச்.பி. மோனோபிளாக் வந்தது. காயிலை வெட்டி எண்ணி நோட்டில் எழுதும் வேலையை முதல் முறையாக என்னை நம்பிக் கொடுத்தார். ஒரு காயிலில் 44 கம்பி இருந்தது. "44 சுற்று" என்று எழுதினேன். கேஜ் அளந்து அதையும் எழுதினேன். மேஸ்திரி அப்படியே சுற்றினார். ஸ்லாட் சரியாக நிறைந்தது. மெக்கர் நன்றாகக் காட்டியது. லோடு இல்லாமல் ஓட்டினோம், சத்தமில்லாமல் ஓடியது. ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது. நான் சந்தோஷப்பட்டேன். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

தோட்டத்தில் மாட்டி வால்வைத் திறந்தால் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் முக்கியது, வேகம் விழுந்தது, ஆம்பியர் ஏறிக்கொண்டே போனது. தக்காளிப் பயிர் இரண்டு நாளாகத் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்த மோட்டாரில் இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றியிருந்தார்கள். ஆகவே 44 கம்பி என்றால் 22 சுற்றுதான். நான் கம்பியை எண்ணிவிட்டுச் சுற்று என்று எழுதிவிட்டேன். ஒற்றைக் கம்பியில் 44 சுற்றுப் போட்டதால் ஸ்லாட் நிறைந்தது, கண்ணுக்குத் தப்புத் தெரியவில்லை. இதையே இன்று நம் பாடத்தில் இப்படிச் சொல்லலாம்: சுற்று இரண்டு மடங்கானால், அதே வோல்டேஜில் காந்தப் பாயம் பாதியாகிறது. இது மோட்டாருக்குப் பாதி வோல்டேஜ் கொடுத்தது போலத்தான். முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்று படிக்கிறோம். ஆக முறுக்குவிசை கால் பங்காகிவிட்டது. வெறும் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி இது. தோட்டத்தில் ஒரு தக்காளிக் காடு.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. தோட்டத்துக்காரரிடம் என் பெயரைச் சொல்லவும் இல்லை. "சுத்துனதுல தப்புப் பண்ணிப்போட்டனுங்க. பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்த சொந்த மோட்டாரை அன்று மாலையே கொண்டுபோய் மாட்டினார். இரவு கடைக்குத் திரும்பிப் புதுக் கம்பியையெல்லாம் வெட்டி எடுத்தோம். அப்போது நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னது: "எழுதுனது நீ. எழுதுனதைப் பார்க்காம சுத்துனது நானு. இருவத்தஞ்சு வருசமாச் சுத்தறவன், ஆம்பியர் கம்மியாக் காட்டுனதும் நிறுத்தியிருக்கோணும். ஆளுக்குப் பாதி." ஆனால் கம்பிக் காசில் பாதியை என்னிடம் வாங்கவில்லை. அந்த வாரக் கூலியும் குறையவில்லை. அதற்குப் பதில் நோட்டில் ஒரு புதுக் கட்டம் போடச் சொன்னார்: "எத்தனை கம்பி சேர்த்து?" அந்தக் கட்டம் இன்றும் இருக்கிறது.

நெருப்பு வைக்காத கடை

பழைய காயிலை வெளியே எடுப்பது கஷ்டமான வேலை. வார்னிஷ் இறுகிக் கல் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டால் அரை மணியில் உருவி எடுத்துவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். மேஸ்திரி செய்ய மாட்டார். ஒரு பக்கக் காயில் தலையை உளியால் வெட்டி, அளவாகச் சூடு காட்டி, மறுபக்கம் ஒவ்வொன்றாக இழுப்பார். பாதி நாள் போய்விடும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஸ்டேட்டர் கோர் மெல்லிய தகடுகளால் ஆனது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. திறந்த நெருப்பில் அந்தப் பூச்சு எரிந்தால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு, சுழல் மின்னோட்டம் கூடி, கோர் இழப்பு அதிகமாகும். மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். புதுக் காயிலும் சீக்கிரம் கெடும். மேஸ்திரிக்குச் சுழல் மின்னோட்டம் என்ற பெயர் தெரியாது. "நெருப்பு வெச்ச மோட்டார் அப்புறம் நெருப்பாவே இருக்குது" என்பார்.

நம் மாநிலத்தில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. அதனால் தோட்ட மோட்டார் கூடுதலாக இழுக்கும் கரண்ட் யார் பில்லிலும் தெரியாது. கேட்க ஆள் இல்லாத இடத்திலும் அரை நாள் கூடுதலாக உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தார். தொழில் தர்மம் என்று மேடையில் சொல்கிறோமே, அதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான்.

குடும்பத்தலைவர்

அவருக்கு இரண்டு பெண்கள். காலை எட்டே முக்காலுக்கு இரண்டு பேரையும் மொபெட்டில் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் கடை திறப்பார். கடை வாசலில் யார் மோட்டாரோடு காத்திருந்தாலும் சரி. "புள்ளைங்களுக்கு மணி அடிச்சிருமுங்க, ஒரு பத்து நிமிசம்" என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். இரவு ஒன்பதோ பத்தோ, வீட்டில்தான் சாப்பாடு. கடையில் எத்தனை சிரித்தாலும், வீட்டுக்குக் கிளம்பும் முன் வார்னிஷ் வாடை போகச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். சின்னப் பெண்ணுக்கு அந்த வாடை ஆகாது.

படிப்பு என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு, என் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்வார். 24 ஸ்லாட், 2 போல் மோட்டாரில் மூன்று ஃபேஸும் 1, 9, 17-வது ஸ்லாட்டில் தொடங்கும். அதை அவர் கணக்கில்லாமலே செய்வார், குரு சொல்லிக்கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் காரணத்தைப் படம் போட்டுச் சொன்னேன். ஒரு போலுக்கு 12 ஸ்லாட், 180 டிகிரி. ஒரு ஸ்லாட்டுக்கு 15 டிகிரி. ஃபேஸ்களுக்கு நடுவே 120 டிகிரி வேண்டும், அதாவது 8 ஸ்லாட். ஆகவே 1, 9, 17. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு 36 ஸ்லாட், 4 போலுக்கு அவரே கணக்குப் போட்டு 1, 7, 13 என்றார். "இத்தனை வருசம் கை செஞ்ச வேலைக்கு இன்னிக்குத்தான் கணக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் என் புத்தகத்தைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை. அதைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்ட முதல் பெரியவர் அவர்தான்.

அவர் எழுதாத கணக்கு

ஐப்பசி மாதம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடா குடித்துவிட்டு வேலை பார்த்தார். அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படி வந்து, "இந்த ரெண்டு மோட்டாரை முடிச்சுட்டுப் போய்க் காட்டறேன்" என்று தள்ளிப்போட்டவர்தான். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது 52.

காரியம் முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ படிச்ச புள்ளே. கடையில என்ன இருக்குது, யாரு எவ்வளவு தரோணும்னு பார்த்துச் சொல்லு" என்றார். பெரிய பெண் பி.காம். முதலாண்டு. நாங்கள் இருவரும் மூன்று இரவு உட்கார்ந்து பில் புத்தகங்களைப் பார்த்தோம். மோட்டார் நோட்டு 11-லும் ஒரு எழுத்துக்கூடக் குறைவில்லை. ஆனால் கடைக்கணக்கில் ஒரு செலவு எங்கேயும் எழுதப்படவே இல்லை. அது அவருடைய சொந்தக் கூலி.

எப்படி என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக முழுமையாக்கியவை.

ஒரு மோட்டாருக்கு வாங்கிய பில்: 4,500 ரூபாய்.
கம்பி, பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ், பேரிங் எல்லாம் சேர்த்து: 3,300.
மீதி: 1,200. இதைத்தான் அவர் லாபம் என்று நினைத்தார்.
கடை வாடகை, கரண்ட், பையன் கூலி ஆகியவற்றில் அன்றைய பங்கு: 550.
மீதி: 650.
அதே நாள் அவர் வேறொரு கடைக்குக் கூலிக்குச் சுற்றப் போயிருந்தால் கிடைத்திருக்கும்: 850.

ஆக முதலாளி என்ற பெயருக்கு அவர் தினமும் 200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்! இதில் மெஷின் தேய்மானம் சேரவில்லை. கடன் நிலுவை சேரவில்லை. அறுவடை முடிந்து தருகிறேன் என்றவர்கள் பெரும்பாலும் தந்துவிட்டார்கள். செய்தி கேட்டு வீடு தேடி வந்து கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு தேங்காய் நார் மில்லின் பில்கள் ஏழெட்டு மாதமாக நின்றன. கேட்டால் வேலை போய்விடும் என்று அவர் கேட்கவே இல்லை.

இதற்கெல்லாம் வழி இருந்தது என்பதுதான் வருத்தம். சிறு, குறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கான உத்யம் பதிவு 2020-ல் வந்தது, கட்டணம் கிடையாது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு 2015-ல் தொடங்கியது. 50 வயது வரை சேரலாம். வருஷத்துக்கு 436 ரூபாய் பிரீமியம், 55 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அது தொடங்கியபோது அவர் நாற்பதுகளில்தான் இருந்தார். பாங்கில் படிவம் வாங்கிக்கூட வந்திருக்கிறார். நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தது, எங்கள் கையில் கிடைத்தது. நிரப்பவில்லை.

மற்றவர் மோட்டாருக்கு "எப்படி எரிந்தது" என்று எழுதியவர், தன் உடம்புக்கு அந்த வரியை எழுதவில்லை. ஓவர்லோடு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போயிருக்கலாம். இதில் ஆளுக்குப் பாதி என்று சொல்ல இப்போது அவர் இல்லை.

நமக்கு

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நம்மில் பலர் கம்பெனிக்குப் போவோம். சிலர் சொந்தமாகக் கடை போடுவோம். மெக்கானிக்கல்காரர் லேத் போடலாம், ஆட்டோமொபைல்காரர் ஒர்க்‌ஷாப் போடலாம். யாராக இருந்தாலும் மேஸ்திரியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

1. கை வைக்கும் முன் எழுதுங்கள். எழுதியதை இன்னொருவர் பார்க்கட்டும்.
2. பழுதை மட்டும் சரிசெய்யாதீர்கள், காரணத்தையும் சொல்லி அனுப்புங்கள்.
3. கீழே வேலை செய்பவன் தப்பை வாடிக்கையாளர் முன்னால் சொல்லாதீர்கள்.
4. பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் நெருப்பு வைக்காதீர்கள்.

அவர் செய்யாமல் விட்டதில் இருந்து எடுக்க வேண்டியவை:

5. பில் போடும்போது உங்கள் சொந்தக் கூலியை முதல் செலவாக எழுதுங்கள். அதற்கு மேல் நிற்பதுதான் லாபம்.
6. பதிவு, காப்பீடு இரண்டையும் கடை திறக்கும் வாரமே முடித்துவிடுங்கள். படிவத்தை நோட்டுக்குள் மடித்து வைக்காதீர்கள்.
7. நெஞ்சு வலி வந்தால் அன்றே போங்கள். மோட்டார் காத்திருக்கும்.

கடை இப்போது மூடவில்லை. பழைய பையன் ஒருவர் சுற்றுகிறார், பெரிய பெண் கல்லூரி முடிந்து வந்து கணக்குப் பார்க்கிறார், நான் ஞாயிறு போகிறேன். தை மாதம் புது விலைப் பட்டியல் எழுதி மாட்டினோம், கூலி சேர்த்து. "அவரு இருந்தா இவ்வளவு கேக்க மாட்டாரு" என்று சிலர் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அது எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாத பேச்சு. ஆனால் போனவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதம் எரிந்த மோட்டாரோடு திரும்பி வந்தார்கள். பெரிய பெண் 12-வது நோட்டைத் திறந்து ஸ்லாட், சுற்று, கேஜ், எத்தனை கம்பி சேர்த்து என்று எழுதிக்கொண்டார். கடைசி வரியையும் எழுதினார்: எப்படி எரிந்தது.